பூஞ்சணமா, பாக்டீரியாவா?

பெருங்கடவிளைப் பக்கம் ஒரு வீடு. வீட்டைச் சுற்றி 20 சென்ட் நிலம். தென்னை நான்கு, கொஞ்சம் வாழை, மரச்சீனி, வேலி ஓரத்தில் சேம்பு. நடுவில் கத்தரிச் செடிகள். கத்தரிக்காய் விற்ற காசில்தான் அந்த வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் வர வேண்டும்.

கத்தரி பூத்துக் காய்க்கும் சமயம். திங்கட்கிழமை காலையில் செடிகள் நன்றாக இருந்தன. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு செடியின் இலைகள் தொங்கிவிட்டன. இலை மஞ்சளாகவில்லை. பச்சையாகவே தொங்கியது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சற்று நிமிர்ந்தது. மறுநாள் நிமிரவில்லை. அதற்கு அடுத்த நாள் பக்கத்துச் செடி. பிறகு அதற்கும் பக்கத்துச் செடி.

அந்த வீட்டு அம்மாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பயன் இல்லை. துருசும் சுண்ணாம்பும் கலந்து அடித்தார். தென்னைக்கும் மிளகுக்கும் அடிக்கிற அதே மருந்து. அதற்கும் செடி கேட்கவில்லை. கடைசியில் வாடிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கிருஷி பவனுக்கு எடுத்துப் போனார்.

"தண்ணி விட்டாச்சு சார். மருந்தும் அடிச்சாச்சு. செடி நிக்க மாட்டேங்குது" என்றார்.

"என்ன மருந்து அடிச்சீங்க அக்கா?"

"துருசு."

அலுவலர் சிரிக்கவில்லை. கண்ணாடிக் குவளை ஒன்றில் தெளிந்த தண்ணீர் எடுத்தார். செடியின் அடித்தண்டில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். அதைக் கழுவினார். வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டார். குவளையை ஆட்டவில்லை.

இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. தண்டின் முனையிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. பால் வழிவது போல மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"பாருங்க. இது பாக்டீரியா. உங்க மருந்து பூஞ்சணத்துக்கு உள்ளது" என்றார் அலுவலர்.

அந்த வெள்ளை நூல் முழுவதும் கிருமிகள். கோடிக்கணக்கான கிருமிகள். அவை தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தன. வேரில் ஈரம் இருந்தும் இலைக்குத் தண்ணீர் போகவில்லை. செடி தாகத்தில் செத்தது. மருந்தோ இலைமேல் கிடந்தது. கிருமி தண்டுக்குள்ளே இருந்தது.

பூஞ்சணத்தால் வாடும் செடி வேறு மாதிரி வாடும். பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். வாட்டம் மெதுவாக மேலே ஏறும். அதன் தண்டைத் தண்ணீரில் வைத்தால் இந்த வெள்ளை நூல் இறங்காது.

இரண்டும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். பிறகு ஏன் இரண்டு பெயர்? விஞ்ஞானிகள் இவற்றை எப்படிப் பிரித்தார்கள்?

அடுக்களையில் உள்ள இரண்டு கூட்டம்

இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிறது. கள் விட்ட ஆப்ப மாவும் பொங்குகிறது. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு பாக்டீரியாவுக்கு. ஆப்ப மாவைப் பொங்க வைப்பது கள்ளில் உள்ள ஈஸ்ட். ஈஸ்ட் ஒரு பூஞ்சணம். பாலைத் தயிராக்குவது பாக்டீரியா. பழைய ரொட்டியில் பச்சையாகப் படர்வது பூஞ்சணம். மழைக்காலத்தில் செருப்பிலும் தோல் பையிலும் வெள்ளையாகப் பிடிப்பதும் பூஞ்சணமே. காளான் அதன் பெரிய உறவு.

பாக்டீரியா மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தலாம். உடம்பு என்பது ஒரே ஒரு உயிரணு. உயிரணு என்றால், வீட்டுக்குச் செங்கல் போல, உயிருக்கு ஒரு செங்கல். மனித உடம்பில் கோடானுகோடிச் செங்கல். பாக்டீரியாவுக்கு ஒரே செங்கல். அந்தச் செங்கலுக்குள் தனி அறை எதுவும் கிடையாது.

பூஞ்சணத்தின் உயிரணு பெரியது. அதற்குள் கரு என்ற தனி அறை உண்டு. மனிதனின் உயிரணுவிலும் அப்படி ஓர் அறை உண்டு. பெரும்பாலான பூஞ்சணங்கள் நூல் நூலாக வளரும். காற்றில் பறக்கும் வித்துத்தூளால் பரவும். அதன் உயிரணுச் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அதே பொருள்தான்.

முன்பு உலகத்து உயிர்களை இரண்டாகத்தான் பிரித்தார்கள். ஓடுவது விலங்கு. ஒரே இடத்தில் நிற்பது தாவரம். காளான் ஓடாது, எனவே அதைத் தாவரத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் தாவரம் வெயிலைக் கொண்டு தன் சோற்றைத் தானே ஆக்கும். காளானுக்கு அது தெரியாது. மட்கிய கட்டையிலோ, இன்னோர் உயிரின் மேலோ ஒட்டிக்கொண்டு பிழைக்கும். 1969இல் அமெரிக்க விஞ்ஞானி விட்டேக்கர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரித்தார். அதில் பூஞ்சணத்துக்குத் தனிப் பிரிவு கிடைத்தது. பிறகு நடந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை தெரிந்தது. காளானுக்கு மரத்தைவிட மனிதனே நெருங்கிய சொந்தம்!

சாயம் போட்டுப் பிரித்தார்கள்

பாக்டீரியாவிலும் ஆயிரக்கணக்கான வகை உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் சில உருண்டை, சில குச்சி, சில சுருள். அவ்வளவுதான் தெரியும். குச்சியில் நல்லது எது, கெட்டது எது?

1884இல் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம் ஒரு வழி கண்டார். அப்போது அவர் பெர்லின் நகரத்தில் வேலை பார்த்தார். கிருமிகளுக்கு ஊதாச் சாயம் போட்டார். பிறகு சாராயச் சத்தால் கழுவினார். சில கிருமிகளில் சாயம் நின்றது. சிலவற்றில் கழுவிப் போயிற்று. சாயம் போன கிருமிகளுக்குச் சிவப்புச் சாயம் கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஆக, இரண்டு கூட்டம். ஊதாக் கூட்டம், சிவப்புக் கூட்டம்.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. ஊதாக் கிருமிக்குச் சுவர் தடிப்பு. தடித்த போர்வையில் பட்ட கறை போல, சாயம் எளிதில் போகாது. சிவப்புக் கிருமிக்குச் சுவர் மெல்லியது. இந்தச் சோதனை இன்றும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடங்களில் நடக்கிறது. எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அது உதவுகிறது. பெனிசிலின் மருந்து கிருமியின் சுவரைக் கட்ட விடாமல் செய்து கொல்லும். ஆகவே சுவர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

பூஞ்சணத்தில் சுவர் வேறு. அங்கே பெனிசிலின் ஒன்றும் செய்யாது. படர்தாமரை வந்தவர்கள் கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு நிற்கும், சிவப்பும் குறையும். ஆனால் பூஞ்சணம் அடியில் சுகமாகப் பரவும். பிறகு வீட்டில் எல்லாருக்கும் வரும். இதில் கடைக்காரரை நம்புவதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போவது மேல்.

பூஞ்சணங்களைப் பிரிக்கச் சாயம் போதவில்லை. வித்துத்தூளைப் பார்த்தார்கள். தூள் எந்த வடிவம், தனியாகவா கொத்தாகவா, நூலின் முனையில் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தார்கள். இந்த வேலையில் உலகப் பெயர் பெற்றவர் சி. வி. சுப்பிரமணியன். 1924இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். வித்துத்தூள் பிறக்கும் விதத்தை வைத்து ஒரு பெரும் பூஞ்சணக் கூட்டத்தை அவர் வகை பிரித்தார். 1965இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

மூன்று முறை வீடு மாறிய கிருமி

கத்தரியைக் கொன்ற அந்தக் கிருமிக்கு வருவோம். 1896இல் அமெரிக்காவில் எர்வின் சிமித் என்பவர் அதை விவரித்து எழுதினார். குச்சி வடிவம். எனவே பாசில்லஸ் என்ற வீட்டில் வைத்தார். பின்னர் அதைச் சூடோமோனாஸ் என்ற வீட்டுக்கு மாற்றினார்கள். அந்த வீடு ஒரு பெரிய சாக்கு மாதிரி. குச்சியாக இருந்து, வால் வைத்து நீந்தி, சிவப்புச் சாயம் ஏற்றால் போதும், சாக்கில் போட்டார்கள்.

பிறகு மரபுப் பொருளைப் படிக்கும் வித்தை வந்தது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அதன் பரம்பரை எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒப்பிட்டால் யாருக்கு யார் சொந்தம் என்று தெரியும். அமெரிக்காவில் கார்ல் வூஸ் என்ற விஞ்ஞானி 1977இல் இந்த வழியில் நுண்ணுயிர்களின் உறவு முறையையே புதிதாக வரைந்து காட்டினார். சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பல குடும்பங்கள் இருந்தன. 1992இல் கத்தரிக் கிருமியை பர்கோல்டேரியா என்ற வீட்டில் வைத்தார்கள். 1995இல் ரால்ஸ்டோனியா. இன்று வரை அங்கேதான் இருக்கிறது.

வீடு மாறியதால் விவசாயிக்கு என்ன? பெயர் மாறியதால் ஒன்றும் இல்லை. ஆனால் யார் யார் ஒரு குடும்பம் என்று தெரிந்தால், ஒரு செடியின் நோய் எந்தெந்தச் செடிக்குத் தாவும் என்று தெரியும். இந்தக் கிருமி கத்தரியை மட்டும் பிடிப்பதில்லை. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி எல்லாம் வாடும். எனவே கத்தரி வாடிய பாத்தியில் தக்காளி நட்டால் தக்காளியும் போகும். மண்ணிலும் ஓடும் நீரிலும் மண்வெட்டியிலும் கிருமி போகும். வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அந்தப் பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடக் கூடாது.

கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த வாடலைத் தாங்கும் விதைகளை உருவாக்கியுள்ளது. கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா. தக்காளியில் சக்தி, முக்தி. மிளகாயில் உஜ்வலா. மருந்தால் முடியாததை இந்த விதைகள் ஓரளவு செய்கின்றன.

பூஞ்சணம் என்று எண்ணியது பூஞ்சணம் அல்ல

துருசு மருந்து தென்னையின் கூம்பு சீயலுக்குக் கேட்கும். குருத்து அழுகும் நோய் அது. மழைக்காலத்தில் வரும். கோதாவரிப் பகுதிப் பனைகளில் இந்தக் குருத்தழுகல் பரவியபோது, எட்வின் பட்லர் என்ற அயர்லாந்து விஞ்ஞானி அதை ஆராய்ந்தார். 1907இல் அந்தக் கிருமிக்குப் பெயர் வைத்தார். இன்று அதற்கு பைட்டோப்தோரா என்று பெயர். ரப்பர் இலை உதிர்வதும், மிளகுக் கொடி திடீரென்று வாடுவதும், மழையில் சேம்பு இலை வட்ட வட்டமாகக் கருகுவதும் இதே குடும்பத்தின் வேலை.

நூல் நூலாக வளர்ந்ததால் இதைப் பூஞ்சணம் என்றே எல்லாரும் படித்தார்கள், பாடம் நடத்தினார்கள். ஆனால் சுவரைப் பார்த்தால் இறால் ஓட்டுப் பொருள் முக்கியமாக இல்லை. பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸ்தான் அதிகம். அதன் வித்து காற்றை மட்டும் நம்புவதில்லை. இரண்டு வால் முளைத்துத் தண்ணீரில் நீந்தும். அதனால்தான் மழையில் பரவுகிறது. மரபுப் பொருளைப் படித்தபோது இதன் சொந்தம் கடலில் வளரும் பழுப்புப் பாசிகள் என்று தெரிந்தது.

இதனால் ஒரு புதிருக்கு விடை கிடைத்தது. பூஞ்சணத்துக்கென்று செய்த சில நல்ல மருந்துகள் இதன்மேல் பலிக்கவில்லை. அந்த மருந்து தாக்கும் இடம் இதன் உடம்பில் இல்லை. பழைய துருசோ பலித்தது. செம்பு பல வகைக் கிருமிக்கும் விஷம்.

தென்னையின் நூறு ஆண்டு

கிருஷி பவனில் அந்த அம்மாள் இன்னொன்றும் கேட்டார்.

"எங்க தென்னை ஒண்ணு மெலிஞ்சு போச்சு சார். ஓலை வளைஞ்சு விலா எலும்பு மாதிரி நிக்குது. இதையும் தண்ணியில வெச்சுப் பாக்கலாமா?"

"அது காற்றுவீழ்ச்சை அக்கா. அதுக்குத் தண்ணி சோதனை பலிக்காது."

காற்றுவீழ்ச்சையைப் புத்தகங்கள் வேர்வாடல் நோய் என்று சொல்லும். 1882இல் ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கம் ஈராற்றுப்பேட்டையில் அது முதலில் காணப்பட்டது. அங்கிருந்து பரவியது. பிற்காலத்தில் திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரை 8 மாவட்டங்களில் நின்றது. தமிழ்நாட்டு எல்லைத் தோப்புகளுக்கும் போயிற்று. மரம் உடனே சாகாது. ஓலை தளர்ந்து மஞ்சளாகும். காய் ஆண்டுக்கு ஆண்டு குறையும். கூலி கொடுத்து ஏறினால் கூலிக்கும் காய் இல்லை என்ற நிலை வரும்.

பட்லர் திருவிதாங்கூருக்கும் வந்தார். 1908இல் அறிக்கை எழுதினார். நோய்ப்பட்ட வேரில் அவர் பூஞ்சணத்தைக் கண்டார், அதன்மேல் சந்தேகப்பட்டார். சந்தேகம் நியாயமானதுதான். அழுகிய வேரில் எத்தனையோ பூஞ்சணம் வரும். செத்த வீட்டில் கூடும் கூட்டம் போல. கூட்டத்தில் கொலை செய்தவர் யார் என்பதுதான் கேள்வி.

1947இல் காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஒருவர் பாக்டீரியா என்றார். ஒருவர் வைரஸ் என்றார். ஒருவர் வேரைத் துளைக்கும் நூற்புழு என்றார். மண்ணில் சத்துக் குறைவு என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ஆதாரம் இருந்தது. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

இதற்கிடையில் 1967இல் ஜப்பானில் ஒன்று நடந்தது. முசுக்கட்டைச் செடியைக் குள்ளமாக்கும் ஒரு நோயை வைரஸ் என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். தோயி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது சுவரே இல்லாத ஒரு பாக்டீரியா. சுவர் இல்லாததால் அதற்கு நிலையான வடிவமும் இல்லை. வாழைச்சாறு போல எப்படியும் நெளியும். பரிசோதனைத் தட்டில் மற்ற பாக்டீரியா போல வளராது. அதனால்தான் இத்தனை காலம் யார் கையிலும் சிக்கவில்லை.

அதன் பிறகு கேரளத்து விஞ்ஞானிகளும் தென்னையில் அதைத் தேடினார்கள். 1983இல் நோய்ப்பட்ட மரங்களின் திசுவில் அதே போன்ற கிருமியைக் கண்டார்கள். வெள்ளம் வந்த ஆண்டிலிருந்து 101 ஆண்டு ஆகியிருந்தது. 1994இல் செடிகளில் வாழும் இந்தக் கூட்டத்துக்கு பைட்டோபிளாஸ்மா என்று பெயர் வைத்தார்கள்.

கிருமி எந்த இனம் என்று தெரிந்ததும் மற்றவை வரிசையாகத் தெரிந்தன. சுவர் இல்லை, எனவே பெனிசிலின் பலிக்காது. டெட்ராசைக்கிளின் சுவரைத் தாக்குவதில்லை, அது வேறு வழியில் வேலை செய்யும். மரத்துக்கு அதைச் செலுத்திப் பார்த்தார்கள். நோய்க்குறி குறைந்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். தோப்பு முழுவதற்கும் ஊசி போட முடியுமா? தேங்காய்க்குள் மருந்து சேராதா? ஆகவே அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் பாக்டீரியா இனம் என்பதற்கு அது நல்ல சாட்சி ஆயிற்று.

இந்த இனத்துக் கிருமிகளைச் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்பும். தென்னையில் தேடினார்கள். வலை போன்ற இறக்கையுள்ள ஒரு சிறிய பூச்சியும், ஒரு தத்துப்பூச்சியும் அகப்பட்டன.

இன்றும் இந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் நிறைந்த தோப்புகளின் நடுவே நோயில்லாமல் நின்று காய்க்கும் மரங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவற்றின் திசுவில் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். தேறிய மரத்தின் காயைத்தான் விதைக்கு எடுக்கிறார்கள். கல்பஸ்ரீ, கல்பரக்ஷா என்ற குட்டை ரகங்கள் அப்படி வந்தவை.

காற்றுவீழ்ச்சை மரத்தில் பெரும்பாலும் ஓலையழுகலும் சேர்ந்து வரும். அது உண்மையான பூஞ்சணம். பூஞ்சண மருந்தைக் குருத்தைச் சுற்றி ஊற்றினால் ஓலையழுகல் குறையும். மரம் பிழைத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு மரத்தில் இரண்டு நோய். ஒன்றுதான் போயிற்று.

"மரத்தை வெட்டணுமா சார்?" என்று அம்மாள் கேட்டார்.

"வருஷம் எத்தனை காய் கிடைக்குது?"

"முப்பதுக்குக் குறையாது."

"அப்ப வெட்ட வேண்டாம். பத்துக்குக் கீழ போனா வெட்டுங்க. இப்போ தழையும் சாணமும் போடுங்க. தடத்தைக் காய விடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் வாடிய கத்தரிகளைப் பிடுங்கி எரித்தார். அந்தப் பாத்தியில் மரச்சீனிக் கம்பு ஊன்றினார். கிருஷி பவனில் வாங்கிய சூர்யா நாற்றை வீட்டுக்குப் பின்புறம், மேட்டில், தண்ணீர் ஓடி வராத இடமாகப் பார்த்து நட்டார்.